திங்கட்கிழமைக்கு ஓர் இன்ஜின்

போன மாதம் எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து தினேஷ் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். இப்போது அங்கே இன்ஜின் வேலையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். செமினியிலிருந்து ஒரு கஸ்டமர் வந்திருக்கிறாராம். வேலைக்குப் போய்வரும் அதே காரை ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரிப்பிலும் ஓட்ட வேண்டுமாம். என்ன இன்ஜின் போடலாம் அக்கா, ஒரு வரியில் சொல்லுங்கள் போதும் என்று எழுதி, கும்பிடும் கைகளின் படத்தையும் சேர்த்திருந்தார்.

ஸ்ட்ரிப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வளைவே இல்லாத நேர்ப் பாதை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் பாய வேண்டும். கால் மைல் தூரம், அவ்வளவுதான். மூச்சை இழுத்துப் பிடித்தால் விடுவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு வரியில் சொல்லிவிட முடிகிற விஷயத்துக்காகவா நான் தலை நரைக்கும்வரை அந்தக் கடையில் குப்பை கொட்டினேன்? தினேஷ் நல்ல மனிதர், கெட்டிக்காரர். லேப்டாப்பை மாட்டி, இன்ஜின் மூச்சு விடுவதைக்கூடத் திரையில் கோடுகளாகப் பார்த்துவிடுவார். நாங்கள் காதை வைத்துக் கேட்டும் மூக்கால் மோந்தும் கண்டுபிடித்ததை அவர் காபி குடித்துக்கொண்டே கண்டுபிடிக்கிறார். அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கான பதில் அந்தத் திரையில் வராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வரி கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் இன்ஜினைக் கனவு கண்டு வளர்ந்தவள் இல்லை. சுங்கைவேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே மயிரைவிட மெல்லிய கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தொழிற்சாலை மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கிள்ளானில் ஓர் இன்ஜின் ஒர்க்‌ஷாப்பில் கணக்கெழுதும் கிராணி வேலை காலி என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி காதர் பாய் என் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து அளக்கச் சொன்னார். அளந்தேன். அவரும் அளந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி என்னை அளக்கச் சொன்னார். அதே எண்தான் வந்தது. "கிராணி வேலைக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். வேலை இல்லை என்கிறார் போலிருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ரோடு வரை ஓடிவந்து கூப்பிட்டுத்தான் எனக்கு விளங்கவைத்தார்.

அன்றிலிருந்து என் இடம் பின்பக்கத்து அறை. முன்பக்கம் முழுக்கச் சத்தமும் எண்ணெயும். பின்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட, குளிருக்கு ஏர்கோன் ஓடும் சின்ன அறை. இன்ஜின்களை அளப்பதும் கோப்பதும் அங்கேதான். சூட்டில் இரும்பு விரியும், குளிரில் சுருங்கும். அதனால் வெளியிலிருந்து வந்த இன்ஜின் பிளாக்கை உடனே அளக்கக் கூடாது. ஒரு ராத்திரி முழுக்க அறையிலேயே கிடக்க வேண்டும். வெயிலில் வந்த விருந்தாளியை உட்காரவைத்து, மூச்சு வாங்கவிட்டுப் பிறகு பேச்சுக் கொடு என்பார் பாய். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் அளக்க வேண்டும். ஒருவர் கண்ட எண்ணை மற்றவரிடம் சொல்லக் கூடாது. தனித்தனியாகச் சாக்பீஸால் எழுதிவிட்டுப் பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் யார் சரி என்ற வாக்குவாதமே கிடையாது, இருவரும் முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.

அந்த அறைக்குள் வளையல் கூடாது, மோதிரம் கூடாது, பவுடர் கூடாது, பூவும் கூடாது. எனக்குப் பூ இல்லாத தலை பிடிக்காது. முதல் நாள் ஒரு முழம் மல்லிகையோடு போய் நின்றேன். பாய் சுத்தியலை எடுத்துவந்து கதவுக்கு வெளியே, என் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்தார். என் வளையலும் பூவும் அதில் தொங்கும். சாயங்காலம் எடுத்தால் பூ வதங்கி எண்ணெய் வாடை அடிக்கும். கொஞ்ச நாளில் வேலை நாட்களில் பூ வைப்பதையே விட்டுவிட்டேன்.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டைதான் போடுவார். எண்ணெயும் கிரீஸும் புழங்கும் இடத்தில் அந்தச் சட்டையில் ஒரு பொட்டுக் கறைகூட நான் பார்த்ததில்லை. எப்படி என்று இன்றுவரை தெரியாது. வாயில் ஒரு கிராம்பு இருக்கும். நன்றாகச் செய்தாய் என்று யாரிடமும் சொல்ல மாட்டார். கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அவர் கண்ணாடியில் கை வைத்தால் ஒர்க்‌ஷாப்பில் அத்தனை பேருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

இன்ஜினைச் சரிசெய்து தரச் சொல்லி வருபவர்கள் ஒரு ரகம். இன்ஜின் கட்டித் தரச் சொல்லி வருபவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தார் வரும்போதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு வருவார்கள். கையில் நண்பன் சொன்னது, வாரப் பத்திரிகையில் வந்தது, எவனோ ஜெயித்த காரின் படம். பாய் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்ததும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "திங்கக்கெழம காலைல எங்க போவீங்க?"

வேலைக்கு என்பார்கள். அப்படியானால் நானும் வருகிறேன் என்பார். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். திங்கட்கிழமை விடிந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, பின்சீட்டில் ஏறிக்கொண்டு, அவர்கள் போகும் இடம் வரை போய்வந்த பிறகுதான் என்ன இன்ஜின் என்றே பேச்செடுப்பார். சிலருக்கு எரிச்சல் வரும். வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவார்.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் மோகன். கிள்ளான்காரர், முப்பது வயது இருக்கும். பழைய சின்ன ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தார். என் மகள் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஸ்ட்ரிப்பில் கால் மைலைப் பதினான்கு விநாடிக்குள் கடக்க வேண்டும், அதுதான் அவர் ஆசை. அதற்கு என்னென்ன வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். கம்ப்ரஷனை ஏற்ற வேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் பெரிதாகப் போட வேண்டும், அப்போதுதான் மேல் வேகத்தில் இன்ஜின் காற்றை அள்ளிக் குடிக்கும். கார் கனம் குறைய, தேவையில்லாததையெல்லாம் கழற்ற வேண்டும். தேவையில்லாததில் முதல் சாமான் ஏர்கோன்.

பாய் தன் கேள்வியைக் கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு என்றார் மோகன். அங்கே அவர் அம்மா அஞ்சலையம்மாவுக்குப் பூக்கடை. தினமும் காலையில் அம்மாவையும் பூக்கூடைகளையும் கடையில் இறக்கிவிட்டுத்தான் அவர் தன் வேலைக்குப் போவார். வீட்டில் வேறு கார் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை பாய் என்னையும் வரச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பின்சீட்டில் மடியில் ஒரு துளசிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். சாமந்திக் கூடை எனக்கு. முன்சீட்டில் அஞ்சலையம்மா மல்லிகைக் கூடையை ஈரத் துணி போட்டு மூடி, குழந்தையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டிய சரம். சூடு பட்டால் வழியிலேயே மொட்டு விரிந்துவிடும், விரிந்த பூவை யாரும் வாங்க மாட்டார்கள் என்று எங்களிடம் விளக்கினார்.

பத்து தீகா டோல்கேட்டுக்கு முன்பே ரோடு ஜேம். கார் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. மோகன் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி ஏர்கோனை அணைத்தார். இன்ஜினுக்குக் கொஞ்சம் பாரம் குறையட்டும் என்று. அஞ்சலையம்மா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அதைப் போட்டார். கொஞ்ச தூரம் போனதும் மோகன் அணைத்தார். அம்மா போட்டார். அதற்கிடையே அவர்கள் பேச்சோ மாமா வீட்டுக் கல்யாணம், பக்கத்து வீட்டு நாய் என்று அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை அந்தக் கைகளின் சண்டை மட்டும் ஓயவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாய் சிரிக்கவில்லை. அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைக்குத் திரும்பியதும் முடிவைச் சொல்லிவிட்டார். மோகன் கேட்ட பெரிய கேம் வேண்டாம். அது மேல் வேகத்தில் பறக்கும், ஆனால் ஜேமில் நிற்கும்போது குலுங்கிக் குலுங்கி அணைந்துபோகும். டர்போவும் வேண்டாம். சக்தி கிடைக்கும், கூடவே பானெட்டுக்குள் ஒரு அடுப்பையும் மூட்டிவிடும். ஹாஃப்கட் கடையில், அதாவது ஜப்பானிலிருந்து முன்பாதி மட்டும் வெட்டி அனுப்பும் கார்களை விற்கிற கடையில், நாலு சிலிண்டருக்கும் தனித்தனியாக மூச்சு வாய் உள்ள ஓர் இன்ஜின் எடுக்கலாம். அதை முழுக்கப் பிரித்துப் புதிதாகக் கட்டலாம். கம்ப்ரஷன் கொஞ்சம்போல ஏறட்டும், கேம் நடுத்தரம். சக்தியை வெளியிலிருந்து வாங்கி மாட்டாமல் உள்ளே சுத்தமான வேலையில் தேடலாம். நாலு பிஸ்டனும் ஒரே எடை, நாலு வாயும் ஒரே அளவு. பெரிய ரேடியேட்டர். கியரைக் கொஞ்சம் மாற்றினால் கிளம்பும்போது பாய்ச்சல் கிடைக்கும்.

ஏர்கோன் அப்படியே இருக்கும் என்றார் கடைசியாக. மோகனின் முகம் விழுந்துவிட்டது. ஏர்கோன் வைத்த காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஸ்ட்ரிப்பில் எல்லோரும் சிரிப்பார்கள் என்றார்.

"சிரிக்கட்டும்லா தம்பி" என்றார் பாய். "ஞாயித்துக்கெழம எல்லா இன்ஜினும் ஓடும். திங்கக்கெழம ஓடறதுதான் இன்ஜின்."

அதோடு ஒரு சின்ன வழியும் சொன்னார். ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால் ஏர்கோன் தானே கழன்றுகொள்ளும்படி ஒரு சுவிட்சை மிதிக்குக் கீழே வைத்துவிடலாம். காலை எடுத்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். அம்மா கையும் மகன் கையும் இனிச் சண்டை போட வேண்டாம். மோகன் ஒப்புக்கொண்டார்.

அந்த இன்ஜினை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை என்னைக் கட்டச் சொன்னார் பாய். அதற்குமுன் நான் அளந்திருக்கிறேன், கோத்திருக்கிறேன், ஆனால் முழு இன்ஜினை என் பொறுப்பில் விட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான்.

அஞ்சலையம்மாவுக்கு இந்தப் பந்தயமே பிடிக்காது. ஒரே மகன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கொள், அதோடு சரி என்று சம்மதித்திருந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. இன்ஜின் காரில் ஏறுவதற்குமுன் தான் வந்து பத்துமலை முருகன் கோயில் திருநீறு பூச வேண்டும். நல்ல விஷயம்தானே, எங்களுக்கென்ன?

இன்ஜின் முடியும் நிலைக்கு வந்தது. காரில் ஏற்றுவதற்காக அறையிலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தினோம். மேலே மாட்டவேண்டிய மூச்சுக் குழாய்கள் மட்டும் பாக்கி. அதுவரை வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் நாலு வாய்களையும் நானே துணி போட்டு இறுக்கி மூடியிருந்தேன். அன்று வியாழக்கிழமை. பாய் ஏதோ சாமான் வாங்க வெளியே போயிருந்தார். மோகன் அம்மாவை அழைத்துவந்தார். மோகனே கைப்பேசியில் படம் எடுப்பதற்காக, நாலு வாயும் தெரியட்டும் என்று துணியை உருவிவிட்டார்.

நான் மூச்சுக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்தேன். அஞ்சலையம்மா இன்ஜின்மேல் அழகாக மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். கையில் மீதி ஒரு பிடித் திருநீறு இருந்தது. கண்ணை மூடி, முருகனைக் கூப்பிட்டு, அந்த ஒரு பிடியையும் இன்ஜின் தலையில் தூவினார். வெள்ளைப் புகைபோல் இறங்கி, நாலு வாய்க்குள்ளும் போனது. நான் கிட்டே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து நிறைவாகச் சிரித்தார், என் கன்னத்தைத் தடவினார், பூ எடுக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

ஒரு பொட்டுத் தூசி போகக்கூடாது என்று பூவையும் பவுடரையும் விட்டுவிட்டு நான் கட்டிய இன்ஜின் அது. திருநீறு பொடிதான், ஆனால் பிஸ்டனும் சிலிண்டரும் உரசுகிற இடத்தில் அது உப்புத்தாள். எந்த நேரமும் ஒன்றிரண்டு சிலிண்டரின் வால்வு திறந்தபடிதான் நிற்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு சிலிண்டரில் வழி திறந்திருந்தது, திருநீறு உள்ளே இறங்கியிருந்தது.

மோகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. காற்றுக் குழாயால் ஊதிவிடலாம் என்றார். ஊதினால் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும் என்றேன். முழுக்கப் பிரிக்க வேண்டும். அவர் பயந்தது அதற்குத்தான். நாட்கள் குறுகிவிட்டன. பந்தயம் அடுத்த வார ஞாயிறு, அதற்குமுன் புது இன்ஜினை ரோட்டில் நிதானமாக ஓட்டிப் பழக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் அம்மா. "திருநீறு பூசின இன்ஜின மறுபடி பிரிச்சோம்னு தெரிஞ்சா அபசகுனம்னு சொல்லிருவாங்க அக்கா. ஒரு நாளும் ஓட்ட விடமாட்டாங்க. நீங்க சொல்லிராதீங்க" என்றார். பந்தயமும் போகும், பிரிக்காமல் ஓட்டினால் இன்ஜினும் போகும். இன்ஜின் போனால் பூக்கூடை எதில் போகும்? கார் ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாட்களில் அந்தம்மா கூடைகளைத் தூக்கிக்கொண்டு கொமுட்டர் ரயிலில் இடிபட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

பாய் வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மோகன் ஓரடி பின்னால் போனார். ரொம்ப நேரம் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டு, பிரிக்க வேண்டும் என்றார். ஆனால் அம்மாவிடம் கேட்காமல் பிரிக்கக் கூடாது, ஏனென்றால் அது அவர் பூசிய திருநீறு என்றார். மறைத்துச் செய்யலாமே என்று மோகன் கெஞ்சிப் பார்த்தார். பாய் காதில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலமே அஞ்சலையம்மா வீட்டுக்குப் போனோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. கூடம் முழுக்க மல்லிகை, கோரைப்பாயில் குவித்து வைத்திருந்தார். விரல்கள் தானாக ஓடிக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் உட்காரப் போனேன். தள்ளி உட்காரும்மா என்றார். கையில் எண்ணெய் வாடை, பூவில் பட்டால் காலைக்குள் அந்த இடம் கறுத்துவிடும் என்றார். நான் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

பாய் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். அஞ்சலையம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. மோகன் சமையலறை வாசலில் தூணாக நின்றார்.

"அப்ப, எங்க சாமி திருநீறு இன்ஜினக் கெடுத்துரும்ங்கறீங்களா பாய்?"

"திருநீறு ஒண்ணையும் கெடுக்காதும்மா. நெத்தியில இருந்தா அது திருநீறு. இன்ஜின் வயித்துக்குள்ள போனா, இரும்புக்கு அது வெறும் தூளுதான் தெரியும். இரும்புக்கு என்னா தெரியும் சொல்லுங்க."

அஞ்சலையம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தைப் பார்த்தார். தள்ளி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி நாரை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

"நான் பூ கட்டற எடத்துல ஒருத்தரையும் தொட விடமாட்டேன். நீங்க வேல செய்யற எடத்துல நான் போயி அள்ளிக் கொட்டிட்டேன். வாய் மூடிருக்கா தொறந்துருக்கான்னு எனக்கு என்னா தெரியும்? அந்த ஆளு கிட்டயாவது கேட்டிருக்கலாம்" என்று தன் மகனைக் கண்ணால் காட்டினார். மோகன் தரையைப் பார்த்தார். "பிரிச்சுத் தொடைங்க பாய். ஆனா தொடைச்ச துணியக் குப்பையில போட்டுராதீங்க. எங்கிட்டக் குடுத்துருங்க."

அபசகுனம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. வாசலுக்கு வந்ததும் மோகன் அழுதுவிட்டார்.

மறுநாள் இன்ஜின் மறுபடி என் அறைக்குள் வந்தது. தலைப்பகுதியை எடுத்தேன். மூன்றாவது, நாலாவது பிஸ்டன் தலையில் திருநீறு எண்ணெயோடு குழைந்து சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அடியில் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, நாலு பிஸ்டனையும் வெளியே எடுத்தேன். இரண்டில்தானே விழுந்தது, மற்ற இரண்டையும் ஏன் என்று கேட்டால் பாய் கண்ணாடியைத் துடைப்பார். ரிங் உட்காரும் பள்ளங்களை மரக்குச்சியில் துணி சுற்றித் துடைத்தேன். வால்வுகளைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கழுவினேன். சிலிண்டர் சுவரை எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சாயல் தெரிந்தால் துணியை மாற்றி மறுபடி துடைக்க வேண்டும். துடைத்தேன், பார்த்தேன், துடைத்தேன். எனக்குப் போதும் என்று தோன்றியபோது பாயைக் கூப்பிட்டேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து சலவை செய்த கைக்குட்டையை எடுத்து நாலு சிலிண்டரிலும் விட்டுத் துடைத்தார். ஜன்னலில் பிடித்தார். எண்ணெயின் ஈரம் தவிர ஒன்றுமில்லை. ம் என்றார். கைக்குட்டையை மடித்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திருநீறு துடைத்த துணிகளை எண்ணெய்த் துணி போடும் டிரம்மில் போடவில்லை. ஒரு சுத்தமான தாளில் மடித்து பாயே கொண்டுபோய் அஞ்சலையம்மாவிடம் கொடுத்தார். சனிக்கிழமை கோத்து முடித்து, காரில் ஏற்றினோம். முதல் சாவியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் முழுக்கக் கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் பூ ஏற்றிப் போய்த்தான் அந்த இன்ஜின் ரோடு பழகியது. ஸ்ட்ரிப் காரை மல்லிகை ஏற்றிப் பழக்கிய ஒரே கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பந்தயத்தன்று நானும் பாயும் போயிருந்தோம். மோகன் ஹெல்மெட்டைப் போடுவதற்குமுன் அவர் நெற்றியைப் பார்த்தேன். திருநீறு கறுப்பாக, பளபளவென்றிருந்தது. அந்தத் துணியைத் தொட்டு அம்மா பூசி அனுப்பியிருக்கிறார், இன்ஜின் எண்ணெயோடு. முதல் ஓட்டத்தில் டயர் வழுக்கிப் புகைதான் கிளம்பியது. ஏர்கோன் காரா என்று யாரோ கேலி செய்தார்கள். இரண்டாவது ஓட்டம் பதினான்கைத் தொட்டு நின்றது. மூன்றாவதில், பச்சை விளக்கு வந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மிதி அடிவரை போனதும் ஏர்கோன் கழன்று இன்ஜின் குரல் மாறியதை மட்டும் காதில் வாங்கினேன். கண்ணைத் திறந்தபோது பலகையில் பதின்மூன்றில் தொடங்கும் எண் இருந்தது. மோகன் காரைவிட்டு இறங்கிப் பாயைக் கட்டிப்பிடித்தார். வெள்ளைச் சட்டையில் கறுப்புத் திருநீறு ஒட்டிக்கொண்டது. நான் அந்தச் சட்டையில் பார்த்த ஒரே கறை அதுதான். பாய் அதைத் தட்டிவிடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை என்னைக் கொமுட்டரில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். பூக்கடை எதிரே நின்றோம். கார் வர நேரமானது. அன்று ஜேம் அதிகம் என்று ரயிலில் பேசிக்கொண்டார்கள். பாய் கிராம்பை மென்றுகொண்டே தெரு முனையைப் பார்த்தபடி நின்றார். முந்தின நாள் அந்த இன்ஜின் பட்ட பாடு எனக்குத் தெரியும். உள்ளே ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால் இன்றைக்கு ஜேமில் தெரிந்துவிடும். தெருவில் வந்த ஒவ்வொரு காரின் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார் வந்தது. அமைதியாக வந்து நின்றது, நின்ற இடத்தில் இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்ததும் குளிர்ந்த காற்றும் மல்லிகை மணமும் சேர்ந்து வெளியே வந்தன. பாய் மோகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. நேராக அஞ்சலையம்மாவிடம் போய், பூ எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் ஈரத் துணியை விலக்கிக் காட்டினார். ஒரு மொட்டுக்கூட விரியவில்லை.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோபம் இல்லாமல் அவர் கண்ணாடியைத் துடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அஞ்சலையம்மா சரத்தை எடுத்து முழங்கையில் வைத்து, ஒன்றுக்கு இரண்டாக அளந்து நறுக்கி என்னிடம் நீட்டினார். வேலைக்குப் போகிறேன்மா, வேண்டாம் என்றேன். அவர் கை நீட்டியபடியே இருந்தது.

"வச்சுக்க தனம்" என்றார் பாய், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "இன்னிக்கு நீ ரூமுக்குள்ள போகவேணாம்."

அன்று முழுக்க நான் முன்பக்கத்தில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். தலை நிறையப் பூ. யாருக்கு அக்கா கல்யாணம் என்று வந்தவன் போனவன் எல்லாம் கேட்டான். அத்தனை வருஷத்தில் பாய் என்னிடம் நன்றாகச் செய்தாய் என்று சொன்னது அந்த ஒரு நாள்தான், அதையும் அப்படித்தான் சொன்னார்.

மோகன் தன் சொல்லைக் காப்பாற்றினார், அதற்குப்பின் ஸ்ட்ரிப்புக்குப் போகவில்லை. அந்த இன்ஜின் அஞ்சலையம்மா கடையை மூடும்வரை பூ சுமந்தது. பாய் போய்ச் சேர்ந்து சில வருஷங்களாகின்றன. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். முடி கொட்டிப் பாதியாகிவிட்டது, இருந்தாலும் தினமும் பூ வைத்துக்கொள்கிறேன்.

தினேஷ், உங்கள் கேள்விக்கு எழுத்தில் பதில் சொன்னால் போதாது என்று போன வாரம் நேரிலேயே வந்தேன் அல்லவா? செமினிக்காரரோடு திங்கட்கிழமை காலையில் காரில் ஒரு தடவை போய்வாருங்கள், பிறகு பேசலாம் என்றேன். நீங்களும் சரி அக்கா என்றீர்கள். அப்புறம் புது இயந்திரத்தைக் காட்டுகிறேன் என்று பின்பக்கத்து அறைக்குக் கூப்பிட்டீர்கள். நான் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பாய் அடித்த ஆணி இன்னும் அங்கேயே இருக்கிறது. பூவைக் கழற்றி அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.